குறைந்தது எங்கே போனது?

ஓர் அம்புக்குறி என்னை இரண்டு வருடமாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. பச்சை நிறம், கீழே பார்த்த முனை, பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஓர் எண். எங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அதைப் போட்டது நான்தான்.

இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த வருடம்தான் முதல்முறையாக அறிக்கையில் சுற்றுச்சூழலுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கினார்கள். யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, மின்கட்டண ரசீதும் எரிபொருள் ரசீதும் எங்களிடம்தான் இருக்கின்றன என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. ரசீதுகளைக் கூட்டி, ஒவ்வோர் எரிபொருளையும் அதற்குரிய காரணியால் (எரித்தால் எவ்வளவு வாயு வரும் என்று சொல்லும் எண்) பெருக்கி, எத்தனை டன் கரியமில வாயு என்று எக்செலில் ஏற்றினேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய கணக்கோடு வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. சூத்திரத்தில் எங்காவது பிசகியிருக்கும் என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பிசகவில்லை. வடிவமைப்பாளர் அந்த எண்ணுக்கு ஒரு பச்சை அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். தலைவர் உரையில் அது முதல் பத்தியிலேயே வந்தது. சிலர் கை குலுக்கினார்கள். மரம் நட்டதுபோல் ஒரு நிறைவு எனக்கும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அறிக்கை அச்சாகி வந்த வாரத்தில் ஒரு நாள் காலை, சரக்கு இறக்கும் இடத்தில் ஒரு விலைப்பட்டியலைச் சரிபார்க்க நிற்கவேண்டியிருந்தது. லாரியிலிருந்து வார்ப்பிரும்புப் பாகங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் கடைசல் பிடிக்காத, மணல் ஒட்டிய பாகங்கள். பாக எண்ணைப் பார்த்தேன். அது பழைய எண். எங்கள் வளாகத்தின் பின்பக்கம் சொந்த ஃபவுண்டரி ஓடிய காலத்தில் நாங்களே வார்த்துக்கொண்டிருந்த அதே பாகம். அதே அச்சு, அதே எடை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஃபவுண்டரியை மூடிவிட்டு வார்ப்பு வேலையை வெளியே ஒருவரிடம் கொடுத்திருந்தோம். இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. ஃபவுண்டரி மூடியதற்கான இழப்பீட்டுக் கணக்கையெல்லாம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஒரு மேசையில் போட்ட கணக்கும் இன்னொரு மேசையில் போட்ட கணக்கும் என் தலைக்குள் அதுவரை சந்தித்துக்கொள்ளவில்லை.

கணக்கு உதைத்தது. வேறு எப்படிச் சொல்வது? கணக்கெழுதுகிறவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே தீரவேண்டும். என் புத்தகத்திலிருந்து போன பணம் இன்னொருவர் புத்தகத்தில் வந்து உட்கார்ந்திருக்கும், உட்காராவிட்டால் தணிக்கைக்காரர் விடமாட்டார். புகைக்கு மட்டும் அந்த விதி கிடையாதா? எங்கள் பேரேட்டிலிருந்து அத்தனை டன்னை அடித்தேனே, அது எந்தப் பேரேட்டில் ஏறியது? கேட்க ஒருவரும் இல்லை, நான் உட்பட.

என் மேலதிகாரியிடம் போனேன். முப்பது வருடம் தணிக்கையில் ஊறியவர். "சார், நம்ம அம்புக்குறியில பாதிக்கு மேல ஃபவுண்டரி மூடினதுதான்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா. அதுக்கென்ன?" என்றார். "புகை நிக்கல சார், இடம்தான் மாறியிருக்கு." "நம்ம எல்லைக்குள்ள எது வருதோ அதைத்தானே நாம எழுத முடியும்? அடுத்தவன் உலைக்கு நாம எப்படிக் கணக்கு எழுதுறது?" அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வரிகூடப் பொய் எழுதாமல் நான் ஒரு பொய்யை அச்சிட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

டார்ட்முண்டிலிருந்து யாங்சி வரை

இது ஓர் ஆலையின் தந்திரம் மட்டும்தானா என்று படிக்க ஆரம்பித்தபோதுதான் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரம் கண்ணில் பட்டது. அங்கே ஹோர்டே என்ற பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரும்புத் தொழில் நடந்துவந்தது. பீனிக்ஸ் என்று பெயர் கொண்ட அந்த உருக்காலை 2001-இல் மூடப்பட்டது. மூடிய ஆலை துருப்பிடித்து நிற்கும், இல்லையென்றால் உடைத்துப் பழைய இரும்பாக விற்பார்கள் என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு. சீனாவின் ஷாகாங் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. சீனாவிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் தொழிலாளர்கள் வந்து தங்கி, ஆலையைத் திருகு திருகாகக் கழற்றினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் குறியிட்டு, பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏற்றினார்கள். மொத்தம் 2,50,000 டன் என்று சொல்கிறார்கள். யாங்சி ஆறு கடலில் சேரும் பகுதிக்கு அருகே, ஜாங்ஜியாகாங்கில் அதைத் திரும்பப் பொருத்தினார்கள். வீடு மாற்றும்போது பீரோவைக் கழற்றி எடுத்துப்போய் மாட்டுவோமே, அதுபோல ஓர் உருக்காலை.

டார்ட்முண்டில் ஆலை இருந்த பள்ளத்தில் 2010-இல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே 24 ஹெக்டேர் ஏரி இருக்கிறது. கரையில் வீடுகள், படகுகள், நடைபாதை. பழைய ஆலையின் ஞாபகமாக ஒரு பெரிய உருக்குக் கொப்பரையை மட்டும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஏரியின் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான இடம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்தின் காற்று உண்மையிலேயே தூய்மையாகியிருக்கிறது, அந்தக் குழந்தைகளின் நுரையீரலுக்கு அது நிஜமான லாபம். ஆனால் ஊதுலையில் ஒரு டன் உருக்கு எடுத்தால் ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியேறும். அதே இயந்திரம் வேறு ஆற்றங்கரையில் அதே வேலையைச் செய்தால் வானத்துக்கு என்ன வித்தியாசம்? நுரையீரலுக்கு ஊர் உண்டு. வானத்துக்குக் கிடையாது.

நாடுகளின் கணக்கு எழுதப்படும் முறையில் ஜெர்மனியின் பேரேட்டில் அது குறைவு, சீனாவின் பேரேட்டில் கூடுதல். 1997-இல் ஏற்கப்பட்ட கியோட்டோ உடன்படிக்கை தொழில்வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் உமிழ்வைக் குறைக்கக் கட்டாய இலக்கு வைத்தது, பெரும்பாலும் 1990-ஐ ஒப்பிடுவதற்கான அடிப்படை ஆண்டாகக் கொண்டு. புகை எந்த மண்ணில் எழுகிறதோ அந்த நாட்டின் கணக்கு என்பது விதி. சரி, நடுவில் கடலில் போன அந்தக் கப்பல்களின் புகை? அது யார் கணக்கிலும் சேராது. சர்வதேசக் கப்பல், விமான எரிபொருளை ஒவ்வொரு நாடும் தனியாக, மொத்தத்துக்கு வெளியே, ஒரு குறிப்பாக மட்டும் எழுதிவைக்கிறது. உலக உமிழ்வில் ஏறக்குறைய 3 சதவீதம் கப்பல்களுடையது. பெரிய நாடுகள் பலவற்றின் பங்கே அவ்வளவு இருக்காது. இன்னொரு வேடிக்கை, கடல்வழிச் சரக்கில் எடைக்கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும்தான். எரிபொருளை எடுத்துப்போகவே எரிபொருளை எரிக்கிறோம், அந்தப் புகைக்கு எந்த நாட்டுக் கொடியும் கிடையாது.

இப்படி இடம் மாற்றுவதைப் பொருளாதாரம் தவறாகவே பார்ப்பதில்லை என்பதற்கு ஒரு பழைய ஆவணம் உண்டு. 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்திட்ட உள்குறிப்பு. மாசு தரும் தொழில்கள் ஏழை நாடுகளுக்கு இன்னும் அதிகமாகப் போகவேண்டும் என்றது அது. கூலி குறைந்த இடத்தில் நோயால் இழக்கும் வருமானமும் குறைவு என்பது கணக்கு. குறிப்பு வெளியே கசிந்ததும் அது கிண்டலாக எழுதப்பட்டது என்றார்கள். அப்போதைய பிரேசில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜோசே லுட்சென்பெர்கர், உங்கள் வாதம் தர்க்கப்படி கச்சிதம், ஆனால் முழுப் பைத்தியக்காரத்தனம் என்று பதில் எழுதினார். கிண்டலோ இல்லையோ, உலகம் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நடந்தது போலத்தான் இருக்கிறது. எங்கள் ஃபவுண்டரியை மூடிய கூட்டத்திலும் ஒருவரும் புகை என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. கிலோவுக்கு எவ்வளவு மிச்சம் என்பதுதான் பேச்சு.

ஐந்தாம் அத்தியாயம்

அடுத்த வருட அறிக்கைக்கான வேலை தொடங்கியபோது, இந்த முறை விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் எக்செலைத் திறப்பது என்று முடிவெடுத்தேன். நிறுவனங்கள் கார்பன் கணக்கு எழுதுவதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் என்ற விதித்தொகுப்பு. 2001-இல் முதலில் வந்தது, 2004-இல் திருத்திய பதிப்பு. ஸ்கோப் 1 என்றால் நம் உலையில் நாமே எரிப்பது, ஸ்கோப் 2 நாம் வாங்கும் மின்சாரம், ஸ்கோப் 3 மற்றதெல்லாம். வாங்கும் பொருளுக்குள் இருக்கும் புகை, விற்ற பொருள் கக்கும் புகை, ஊழியர்கள் வந்துபோகும் வண்டி வரை. முதல் இரண்டும் கட்டாயம், மூன்றாவது விருப்பம். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. முதல் வருடம் ஒரு சுருக்கக் குறிப்பை வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டிவிட்டேன்.

ஐந்தாம் அத்தியாயம் காலப்போக்கில் உமிழ்வைப் பின்தொடர்வது பற்றியது. படிக்கச் சுவாரசியம் இல்லாத அத்தியாயம். அதில் அடிப்படை ஆண்டை எப்போது திருத்தவேண்டும் என்று ஒரு பகுதி வருகிறது. நிறுவனங்களை வாங்கினால், விற்றால், இணைத்தால், அப்புறம் இன்னொன்று: புகை தரும் ஒரு வேலையை வெளியே கொடுத்தால். அப்படிக் கொடுத்தால், பழைய வருடத்துக்குத் திரும்பிப் போய் அந்த வேலையின் புகையை அங்கிருந்தும் கழிக்கவேண்டும். பிறகுதான் ஒப்பிடவேண்டும். எங்கள் கணக்குக்கு இதைப் பொருத்தினால், ஐந்து வருடத்துக்கு முந்தைய எண்ணிலிருந்து ஃபவுண்டரியை எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். பார்த்தேன். அம்புக்குறி முனை மழுங்கிப்போனது. குறைந்திருந்தது மிகக் கொஞ்சம். அது விளக்குகளை எல்.இ.டி. ஆக்கியதும் ஒரு கம்ப்ரசரை மாற்றியதும்தான்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. யாரோ ஒருவர், இருபது வருடத்துக்கு முன்பு, என்னைப்போல ஒருத்தி இப்படி ஓர் அம்புக்குறி போடுவாள் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார். என் மனவுறுத்தல் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை, அதற்கு விதி எண்ணே இருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. மறு நிமிடம் வேறொன்று உறைத்தது. டார்ட்முண்ட் ஆலையை ஒரு நிறுவனம் தன் கணக்கில் இப்படி நகர்த்தியிருந்தால் பழைய வருடத்தைத் திருத்தச் சொல்லியிருப்பார்கள். ஒரு நாடு நகர்த்தினால்? நாடுகளின் விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு பக்கமே கிடையாது. 1990 என்றால் 1990. ஆலை போனாலும், ஆலை செய்த உருக்கு கார் உருவில் திரும்பி வந்தாலும், 1990-இன் எண் அசையாது. ஐந்து உதிரிபாகம் செய்கிற எங்களுக்கு இருக்கிற கண்டிப்புகூட ஒரு தேசத்துக்கு இல்லை.

சாரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "சரியாத்தாம்மா இருக்கு" என்றார். பிறகு அடுத்த வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார். தணிக்கைக்காரர் விரல் அப்படித்தான் போகும். வெளியே கொடுத்த வேலையின் புகையை ஸ்கோப் 3-இல் காட்டினால் அடிப்படை ஆண்டைத் திருத்தத் தேவையில்லை என்று அங்கே இருந்தது. "அப்ப அப்படிச் செஞ்சிடலாம். அம்புக்குறி ஒரு பட்டியல்ல இருக்கட்டும், வார்ப்பு இன்னொரு பட்டியல்ல வரட்டும். மறைச்சோம்னு யாரும் சொல்ல முடியாது." நான் தலையாட்டினேன். ஒன்றுமே சொல்லாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அம்புக்குறி இருக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் கோபத்தில் இருந்த ஓட்டை

இந்தக் காலகட்டத்தில் நான் கொஞ்சம் பொறுக்கமுடியாத ஆளாகியிருந்தேன். எந்த நாடு உமிழ்வு குறைந்தது என்று சொன்னாலும் "ஆமாம், சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள்" என்பேன். ஒரு நண்பர் பொறுத்துப் பார்த்துவிட்டு, எண்களைப் பார்த்துவிட்டுப் பேசு என்றார். பார்த்தேன். பிரிட்டனின் உமிழ்வு 1990-இல் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இறக்குமதிப் பொருள்களுக்குள் இருக்கும் புகையையும் சேர்த்து அந்த அரசே வருடாவருடம் இன்னொரு கணக்கு வெளியிடுகிறது. அந்தக் கணக்கில், மண்ணில் எழும் புகை இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே நுகர்வின் புகை ஏறிக்கொண்டிருந்தது, 2007 வரை. நான் நினைத்தது அதுவரை சரி. அதற்குப் பிறகு அதுவும் இறங்க ஆரம்பித்துவிட்டது. சுவீடன், பிரான்ஸ், ஜெர்மனி என்று வேறு சில நாடுகளிலும் இதே கதைதான். உலகின் முதல் நிலக்கரி மின்நிலையங்களில் ஒன்றை 1882-இல் லண்டனில் தொடங்கிய நாடு, தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. அந்த மின்சாரத்தை யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. அது நிஜமாகவே குறைந்தது.

யாங்சிக் கரை பற்றி நான் பேசியதிலும் பாதிதான் உண்மை. உலக உருக்கில் பாதிக்கு மேல் இன்று சீனாவில் உருவாகிறது, ஆனால் அதில் பெரும் பங்கு அந்த நாட்டின் சொந்தப் பாலங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் ரயில் பாதைகளுக்கும்தான் போயிருக்கிறது. அதையும் ஐரோப்பாவின் பாவமாக எழுதினால், அங்கே வீடு கட்டிக்கொண்ட கோடிக்கணக்கான மனிதர்களைக் கணக்கிலிருந்தே அழித்ததாகிவிடும். உலகக் கரியமில வாயுவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை ஏதோ ஓர் எல்லையைத் தாண்டும் பொருளுக்குள் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். பெரிய அளவுதான். ஆனாலும் கால் பங்குதான், முழுசு இல்லை. எல்லாமே கண்கட்டு என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது. எல்லாமே பொய் என்றால் நான் போட்ட அம்புக்குறி தனியாக உறுத்தாது பாருங்கள்.

புகை எல்லை தாண்டும் என்று ஒரு சட்டமே ஒப்புக்கொண்டது அண்மையில்தான். ஐரோப்பிய ஒன்றியம், உள்ளே கார்பனுக்கு விலை வைத்தால் ஆலைகள் வெளியே போய்விடும் என்ற கவலையில், வெளியிலிருந்து வரும் பொருள்களுக்கு எல்லையிலும் அந்த விலையை வைத்திருக்கிறது. உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம். 2023 அக்டோபர் முதல் கணக்கு மட்டும் கேட்டார்கள், 2026 ஜனவரி முதல் விலையும் சேர்கிறது. இந்தியாவும் சீனாவும் எதிர்க்கின்றன. 1992-இல் ரியோவில் எல்லோரும் ஏற்ற கொள்கை, பொறுப்பு பொதுவானது, ஆனால் ஒரே அளவானது இல்லை என்பது. இருநூறு வருடம் எரித்தவர்களும் இருபது வருடம் எரித்தவர்களும் ஒரே தராசில் நிற்பதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வசூலாகும் பணம் ஐரோப்பியக் கஜானாக்களுக்குத்தான் போகிறது, அந்த உலையை மாற்றப் பணம் தேவைப்படும் ஊருக்கு இல்லை. ஆனாலும், பற்றுக்கு ஒரு வரவு எழுத வைத்த பெரிய ஏற்பாடு இது என்பதால் ஒரு கணக்கராக என்னால் இதை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. கணக்கு சரி, பில்லை யாரிடம் நீட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

அறிக்கை வேலை முடியவில்லை. ஸ்கோப் 3-க்காக, எங்களுக்கு வார்ப்புப் பாகம் தருகிறவருக்கு ஒரு படிவம் அனுப்பினேன். எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை டன் கோக் கரி, எங்கள் பாகங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று கட்டங்கள். சின்ன ஆலை, இருபது இருபத்தைந்து பேர் வேலை செய்வார்கள். எங்கள் ஃபவுண்டரியிலிருந்து வெளியேறிய இரண்டு பேர் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள் என்று கேள்வி. பத்து நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியிருந்தார். கடைசியில் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். "மேடம், இந்தப் புகை எங்க கணக்கா, உங்க கணக்கா?"

விதிப்படி பதில் சுலபம். அவருக்கு அது ஸ்கோப் 1, எங்களுக்கு ஸ்கோப் 3, இரண்டு பேர் கணக்கிலும் வரும். அப்படியே தட்டச்சு செய்தேன். அனுப்பப் போகும்போதுதான் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரிந்தது. அவர் உலை பழையது, நல்ல மின்சார உலைக்கு மாற்ற அவரிடம் பணம் இல்லை. அவருக்குக் கிலோவுக்கு நாங்கள் எவ்வளவு தருகிறோம், அதை எப்படிப் பேசிக் குறைத்தோம் என்பது என் பேரேட்டிலேயே இருக்கிறது. ரெண்டு பேர் கணக்கும்னா, செலவும் ரெண்டு பேருக்குமா மேடம் என்பார். அந்த மின்னஞ்சல் இன்னும் வரைவாகவே கிடக்கிறது. நாளை சாரிடம் போய் விலைப் பேச்சைத் திரும்பத் திறக்கவேண்டும் என்று சொல்லப்போகிறேன். அவர் முகம் எப்படிப் போகும் என்று இப்போதே தெரிகிறது.